முள் வந்துச்சா

பேருந்துப் பணிமனையின் பின்புறம், டயர் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஊரில் கிழிந்துபோன பேருந்து இருக்கைகளெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பிளேடால் கீறப்பட்டவை, சிகரெட்டால் பொசுக்கப்பட்டவை, காதலர்கள் பேனாவால் பெயர் எழுதி வைத்தவை, வெறுமனே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து எழுந்ததில் நைந்துபோனவை. பழைய ரெக்சினை உரித்து, அமுங்கிய ஃபோமை மாற்றி, புது உறை தைத்துப் பூட்டி அனுப்புகிற வேலையைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் செய்துவந்தாள். பணிமனையில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. சம்பள ரசீதைப் பார்த்தால்தான் மேலாளருக்கே அவளுடைய நிஜப் பெயர் நினைவுக்கு வரும் என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள்.

கொட்டகையில் எல்லாத் தையல் இயந்திரங்களும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் அவள் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பாள். வலது காது பாட்டுக்கு, இடது காது மேஸ்திரிக்கு என்பது அவள் செய்துகொண்ட ஏற்பாடு. கேட்டதெல்லாம் ராக் பாட்டுகள். டிரம்மும் எலெக்ட்ரிக் கிதாருமாக, தொண்டை கிழியப் பாடுகிற ஆட்கள். ஒருமுறை டயர் பிரிவுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "என்ன சீட்டக்கா, உள்ளயும் நம்ம கொட்டகைதான் ஓடுது" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது வெளியாளுக்குப் பிடிபடாது. மெட்டுக்காகவும் இல்லை, வரிகளுக்காகவும் இல்லை. அந்த மொழியில் பாதிக்கு மேல் அவளுக்குப் புரிந்ததும் கிடையாது. பாட்டுக்குள் எங்கேயோ ஓர் இடம் இருக்கும். கண் சிமிட்டும் நேரம்கூட இராது. கடைசிப் பல்லவிக்கு முன் பாடுகிறவன் இழுக்கும் மூச்சு. கிதார்காரனின் விரல் இடம் மாறும்போது கம்பி போடும் சின்னக் கீச்சு. எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, அடுத்த அடி விழுவதற்குள் திறந்து மூடும் வெறுமை. இரண்டாவது சரணத்தில் பாடகிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வர, அதை விழுங்கியபடியே ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பது. அந்த இடம் வந்ததும் அவளுக்குப் பிடரியில் தொடங்கி ஏதோ ஒன்று கை வரை ஓடும். கையில் மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும். மறுநொடி ஒன்றும் இராது. அவள் பாட்டுக்கு ரெக்சினைத் தைத்துக்கொண்டிருப்பாள்.

இந்தக் கிறுக்கை அவளுக்குப் பிடிக்க வைத்தவன் தம்பி.

அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தாள். எப்போதும் இரவு முறை. அப்பா வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். பகலில் அம்மா தூங்கியாக வேண்டும். இருந்ததோ இரண்டே அறை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அவள் எழுந்திருக்கும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. ஒரு டம்ளர் உருண்டாலும் முதுகு பழுத்துவிடும். மேல்மாடியில் இருந்த இளைஞர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு கையடக்க கேசட் பிளேயரையும் ஒரு பை நிறைய கேசட்டுகளையும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறைத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, காதுக்கு ஒன்றாக இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டு இருவரும் கேட்டார்கள். சத்தமே போடக் கூடாத வீட்டில் அத்தனை சத்தமும் அவர்கள் இருவருடைய தலைக்குள் மட்டும் ஓடியது.

முதன்முதலாகத் தம்பிதான் தன் முன்கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "அக்கா, இங்க பாரு. முள்ளு" என்று கிசுகிசுத்தான். தோல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புடைத்திருந்தது. பாட்டில் அந்த நேரம் டிரம்காரன் தன் கோல்களை ஒன்றோடொன்று தட்டி எண்ணிக்கொண்டிருந்தான்; கடைசித் தட்டு மட்டும் சற்றுத் தயங்கி விழுந்தது. வேறொன்றுமில்லை. அவளுக்கும் முள் வந்திருந்தது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டால் முள் மழுங்கிப்போகும் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்று தம்பி சட்டம் போட்டான். இன்னொரு சட்டமும் அவனுடையதுதான். வந்தது என்று வாயால் சொன்னால் செல்லாது, கையைக் காட்ட வேண்டும். அவள் ஓரிரு முறை பொய் சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்டாள். எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், கைத்தோலை ஏமாற்ற முடியாது என்று அவன் பெரிய மனிதன்போலச் சொன்னான்.

வளர்ந்த பிறகு தம்பி கண்ணாடி வேலை பழகினான். கடை முகப்புகளுக்கு ஆளுயரக் கண்ணாடி பொருத்துகிற வேலை. அதில் கைதேர்ந்து, நல்ல கம்பெனி ஒன்று கூப்பிட்டதும் வேறு ஊருக்குப் போனான். அவள் பணிமனையின் டைம் கீப்பரையே கல்யாணம் செய்துகொண்டாள். வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்தே பழகிய மனிதர்; சாதம் தாமதமானால் மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். குழந்தை இல்லை. அம்மா ஒரு நாள் வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போது அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தாள். தம்பியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால், பார்க்கலாம் என்பான். பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் ஒப்புக்குத்தான். இன்ன பாட்டில் ஒரு முள் இருக்கிறது, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், எது என்று சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி என்பான். அவள் வாரம் முழுக்கக் கொட்டகையில் அந்தப் பாட்டைப் பொறுமையாகத் துழாவுவாள். பாடகன் கடைசிச் சொல்லை முடிக்காமல் விட்டுவிடுவது அது என்று கண்டுபிடித்து அடுத்த வாரம் சொன்னால், அந்தப் பக்கம் தம்பி வாய்விட்டுச் சிரிப்பான். பொதுவாக அவன் சிரிக்கிற ஆளில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவள் சிலசமயம் தெரிந்தும் இரண்டு மூன்று தப்பான இடங்களை முதலில் சொல்வாள்.

பிறகு போன்கள் இளைத்தன. வேலை அதிகம் என்றான். தூக்கம் வருகிறது என்றான். புதிதாக எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டால், நேரமில்லை என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினான். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி வந்துவிட்டாள், அதுதான் அக்காவை மறந்துவிட்டான் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். பின்னால் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

ஒரு வேலை நாளில், முற்பகலில், தம்பி குடியிருந்த வீட்டின் உரிமையாளர் போன் செய்தார். பதற வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். பையன் வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது, கதவைத் தட்டினால் ஒரு குரல் மட்டும் வருகிறது, யாராவது வந்து பார்த்தால் தேவலை என்றார். அவள் பாதி தைத்த உறையை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள். வழி நெடுக முன்னிருக்கையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பிரியத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்திலும் இது கண்ணில் படுகிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அறைக் கதவு தாழிடாமல்தான் இருந்தது. திரை மூடியிருந்தது. கண்ணாடி வெட்டும் கருவிகள் சுவரில் வரிசை குலையாமல் தொங்கின; அவற்றின்மேல் தூசி படிந்திருந்தது. மேசையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் பச்சைப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தாடி மண்டியிருந்தது. கடைக்குப் போய்த் திரும்பியவளிடம் சொல்வதுபோல, "வந்துட்டியா" என்றான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவனே சொன்னான்.

"வேலைக்குக் கிளம்பி ஷூ கயிறு கட்ட உக்காந்தேங்கா. கட்ட முடியல. கை நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்ட முடியல. அப்படியே இருந்துட்டேன்."

ஷூக்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவள் குனிந்து அவன் கால்களில் மாட்டி, கயிற்றைக் கட்டி, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

கணவர் தன் மேசையையும் செய்தித்தாள் கட்டுகளையும் முன்னறையிலிருந்து அப்புறப்படுத்திக் கட்டிலைப் போட்டார். மருத்துவரம்மா பொறுமையாகப் பேசினார். இது மனத்தில் வரும் நோய், சோம்பல் இல்லை, மாத்திரை வேலை செய்ய நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். என்ன காரணத்தால் வந்தது என்று அக்கம்பக்கத்தார் துருவினார்கள். காதல் தோல்வியா, கம்பெனியில் தகராறா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். காரணம் தம்பிக்கே தெரியவில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மருத்துவர் என்ன சொன்னாலும், அவளுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. மாத்திரையால் ஆகாததைப் பாட்டு செய்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவன் குளித்துச் சாப்பிடத் தொடங்கி, கொஞ்சம் தெளிந்ததுபோலத் தெரிந்த ஒரு விடுமுறை நாளில் கட்டிலருகே உட்கார்ந்து, இயர்போனில் ஒன்றை அவனிடம் நீட்டினாள். அவன் மறுக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டான். டிரம்காரன் கோல்களைத் தட்டி எண்ணுகிற அதே பழைய பாட்டு. அந்தக் கடைசித் தட்டு தயங்கி விழுந்தது. அவளுக்கு வழக்கம்போலப் பிடரியில் ஓடியது.

"முள் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு" என்றான் தம்பி.

அவன் கை போர்வையின்மேல் கிடந்தது. அவள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் போய்விட்டது. தோல் வழவழவென்று, ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. தலை நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"நிறுத்திடுக்கா" என்றான். "எல்லாம் கேக்குது. ஒண்ணு விடாம கேக்குது. அந்தத் தட்டு லேட்டா விழறதும் தெரியுது. ஆனா அவ்வளவுதான். யாரோ ரெண்டு குச்சியத் தட்டறாங்க."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், அழுக்கே இல்லாத பாத்திரங்களைக் கழுவினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. பழைய முட்கள் மழுங்கியிருக்கும், புதிது வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொட்டகையில் மதிய உணவு நேரத்திலும் சோற்றைப் பிசைந்தபடி தேடினாள். அதுவரை கேட்டிராத குழுக்களையெல்லாம் கேட்டாள். என்ன கொடுமை என்றால், தேடத் தேட அவளுக்குத்தான் வந்து கொட்டியது. ஒரு பாட்டில் பியானோவின் மிதிகட்டையிலிருந்து யாரோ காலை எடுக்கும்போது எழும் மரச்சத்தம். இன்னொன்றில் பின்குரல் கொடுக்கிறவள் ஒரே ஓர் இடத்தில் முந்திக்கொண்டு வந்துவிடுவது. பசித்தவன் எதிரே உட்கார்ந்து வயிறு முட்டத் தின்பதுபோல அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்து அவற்றை ஒவ்வொன்றாக அவனுக்குப் போட்டுக் காட்டினாள். அவன் அவளுக்காகக் கேட்டான். ஒவ்வொரு முறையும் வந்ததென்று தலையசைத்தான். இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை போடத் தொடங்கியிருந்தான்.

அதைக் கவனித்த அன்றே அவள் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டாள். இயர்போனைச் சுருட்டி நூல் பெட்டிக்குள் போட்டாள். அவனுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் இரண்டு காதுகளும் வெறுமனே இருந்தன. பல வருடங்களாக அவள் உண்மையில் கேட்டிராத தையல் இயந்திரங்களின் சத்தம் முழுக்க அவள்மேல் விழுந்தது. மாலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கணவரிடம் சிடுசிடுத்தாள். மேஸ்திரியே ஒரு நாள், உடம்பு சரியில்லையா, இப்போதெல்லாம் கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்க்கிறீர்களே என்று கேட்டார்.

தம்பிக்கு அது கணவர் மூலம் தெரிந்தது. அவர் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார். வீடு அமைதியாக இருக்கிறது, இயர்போனிலிருந்து கசியும் அந்த இரும்புக் கடைச் சத்தம் இல்லை, நல்லதுதான், ஆனால் என்னவோபோல இருக்கிறது என்று. அன்று அவள் வேலை முடிந்து வந்தபோது தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ ஒன்று இருந்தது. அது கோபம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பாட்டு கேக்கறத விட்டுட்டியாமே."

அவள் நேரமில்லை என்றாள்.

"பொய் சொல்லாதக்கா. நீ துக்கம் காக்கற. நான் இன்னும் சாகல."

அவன் தணிந்த குரலில்தான் பேசினான். அது கத்தலைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் தன் முகத்தையும் கையையும் பார்ப்பது தெரிகிறது என்றான். சாப்பிட்டால் சந்தோஷப்படுகிறாள், சாப்பிடாவிட்டால் வாடுகிறாள், அவளுக்காகக் குணமாக வேண்டியிருப்பது மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றான். இப்போது அவளுடையதையும் தான் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது என்றான். பேசி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு வார்த்தைகள் ஒரே நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?" என்றாள் அவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"கேளு. என் முன்னாடியே கேளு. எனக்கு வரலன்னா வரல."

கையோடு கேட்டுவிடச் சொன்னான். அவள் பையிலிருந்து நூல் பெட்டியை எடுத்தாள். இருவரும் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவன் இயர்போன் கேட்கவில்லை. அவள் கொடுக்கவும் இல்லை. எந்தப் பாட்டு என்றுகூட அவள் பார்க்கவில்லை. வராது என்று நினைத்தாள். வரக் கூடாது என்றுகூட நினைத்தாள். ஆனால் பாதி வழியில் பாடகி ஒரு நீண்ட சுரத்தின் நுனியில் லேசாகக் கரகரத்தாள். உடம்பு யாரையும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. தம்பி அவள் கையைக் குனிந்து பார்த்தான். நிறுத்தத்தில் நிற்பவன் பேருந்தைப் பார்த்துச் சொல்வதுபோல, "வந்துடுச்சு" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய் அவளுக்கும் தனக்குமாகத் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் முகத்தில் பொறாமை தெரியும் என்று அவள் பயந்திருந்தாள். அப்படி எதுவும் இல்லை. தொலைதூர ஊர் ஒன்றில் நல்ல மழையாம் என்று கேள்விப்பட்ட மனிதனின் முகமாக இருந்தது அது.

அதன்பிறகு அவள் அவனைச் சோதிப்பதை விட்டாள். மறுபடி ஒரு காதில் இயர்போனோடு வேலைக்குப் போனாள். முள் வந்தது, ஆனால் முன்போலச் சும்மா வந்து போகவில்லை. ஒவ்வொரு முறையும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தம்பியின் நினைப்பும் வந்தது. அதற்கு மருந்தில்லை என்று தெரிந்துகொண்டாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், தெருவில் பந்தாடியவர்கள் யாரோ அவர்கள் சமையலறை ஜன்னலை உடைத்துவிட்டார்கள். கணவர் அட்டை வைத்து அடைத்துவிட்டு, ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னார். தம்பி ஜன்னலருகே போய், சட்டத்தில் விரலை ஓடவிட்டு, அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டான். அவளும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். அவன் தனியாகக் கடைக்குப் போய்க் கண்ணாடி வெட்டி வாங்கிவந்தான். பழைய துண்டுகளைப் பிடுங்கி, சட்டத்தைச் சுரண்டி, ஓரத்தில் பசை தடவினான். அவளை வெளியே போய் நின்று கண்ணாடியைத் தாங்கிக்கொள்ளச் சொன்னான். அவள் உள்ளங்கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மெல்லிய மரப்பட்டியை வைத்துச் சின்ன ஆணிகளை அறைந்தான். ஒவ்வோர் ஆணிக்கு முன்னும் கண்ணைச் சுருக்கி அளந்தான். பாதியில் கை ஓய்ந்துபோய், சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றுவிட்டான். நெடுநேரம் அப்படியே நின்றான். அவள் கூப்பிடவில்லை. தோள்கள் கடுத்தன, கண்ணாடியை விட்டால் விழுந்துவிடும். பிறகு அவன் சுத்தியலை மறுபடி எடுத்தான்.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரரே அவனுக்கு வேலை கொடுத்தார். முழு நாள் முடியாது என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான். அரை நாள் போதும் என்றார் அவர். சில மாதங்களில் கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையும் பார்த்துக்கொண்டான். மருத்துவரம்மா மாத்திரையைக் குறைத்தார், ஒரு குளிர்காலத்தில் திரும்பவும் கூட்டினார். வேலைக்குப் போகாத நாட்கள் இப்போதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் கடைக்காரர் பணிமனைக்கு ஓர் ஆளை அனுப்புவார். சீட்டக்கா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போய், கதவைத் திறந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

முள் அவனுக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறான். கண்ணாடியில் எத்தனை வகை வந்துவிட்டது, எது வெட்டும்போது தப்பாக விரிசல் விடும், எந்த வாடிக்கையாளர் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வந்தார் என்று அவள் கணவரோடு பேசிக்கொண்டிருக்கிறான். கணவர் வேண்டுமென்றே எதையாவது முட்டாள்தனமாகக் கேட்பார். தம்பி பொறுமையாக விளக்குவான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவான். அவள் தெருமுனை வரை கூடப் போவாள். போன வாரம் அங்கே நின்று, மழை வரும்போலிருக்கிறது, வெளியே துணி காய்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அப்படியென்றால் சீக்கிரம் போ என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அன்று போனில் பேச்சை மாற்றுவதற்காகப் பேசிய மழை இல்லை இது; வானம் நிஜமாகவே கறுத்திருந்தது.